கிரேக்க, ரோமானியத் தொல்லியலில் நுழைய நினைப்பவர்களுக்கு

1944இல் மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தார். இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அங்கே ஓர் அலமாரியில் கிடந்த உடைந்த சாடித் துண்டு அவர் கண்ணில் பட்டது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் கிடைத்தது என்றார்கள். மத்தியதரைக் கடல் நாடுகளில் திராட்சை மதுவை ஊற்றிக் கப்பலேற்றும் ஆம்போரா சாடியின் துண்டு அது. பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இங்கிலாந்தில் வெருலேமியம் போன்ற ரோமானிய ஊர்களைத் தோண்டி, அந்த மாதிரி ஓடுகளை வருடக்கணக்கில் கையில் வைத்துப் பழகியவர் அவர். அப்புறம் புதுச்சேரிக்குப் போனார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்பு மட்கலத் துண்டுகள், குயவர் முத்திரையோடு, அங்கே இருந்தன. 1945இல் அரிக்கமேட்டில் அவருடைய அகழாய்வு தொடங்கிவிட்டது.

புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆய்வாளர்கள் அந்த இடத்தின் மதிப்பை அதற்கு முன்பே உணர்ந்திருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு துண்டு ஓட்டைப் பார்த்தவுடன் அது எந்த ஊர், எந்தக் காலம் என்று சொல்லும் பழக்கம் எவ்வளவு பெரிய கதவைத் திறக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தத் துறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'செவ்வியல் தொல்லியல்' என்று வரும். தமிழில் செவ்வியல் என்றால் சங்க இலக்கியம்தான் நினைவுக்கு வரும் என்பதால், கிரேக்க, ரோமானியத் தொல்லியல் என்றே சொல்கிறேன். பண்டைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் விட்டுப்போன கட்டடம், சிலை, நாணயம், பானை ஓடு, கல்லறை ஆகியவற்றை வைத்து அவர்கள் வாழ்ந்த விதத்தை ஆராய்வது. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கிளம்பி இதில் ஒரு பல்கலைக்கழக ஆசிரியராக ஆக முடியுமா? முடியும். ஆனால் வழி நீளம், வேலைகள் குறைவு. அந்த வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். இரண்டு விஷயங்களை முதலிலேயே மனதில் வையுங்கள்: மொழி, அப்புறம் ஒரே ஒரு பொருள்வகை. மற்ற எல்லாம் இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது.

முதல் படி: மொழிகள்

தோண்டுவதில் ஆர்வம் உள்ளவர்கள் இந்தப் படியைத் தள்ளிப்போடுவார்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். மேல்நாட்டு முனைவர் பட்ட விண்ணப்பங்களில் முதலில் பார்ப்பது, பண்டைய கிரேக்கமும் லத்தீனும் எத்தனை ஆண்டு படித்திருக்கிறீர்கள் என்பதைத்தான். அங்கே போட்டியிடும் மாணவர்களில் சிலர் பள்ளியிலேயே லத்தீன் தொடங்கியவர்கள். நாம் இருபது வயதில் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் கணக்கு.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவருக்கு வேற்றுமை என்ற கருத்தே புதிது. பெயர்ச்சொல்லின் ஈறு மாறினால் பொருள் மாறும் என்பதைப் புரிந்துகொள்ளவே அவருக்குச் சில வாரம் ஆகும். எட்டு வேற்றுமையைப் பள்ளியில் ஒப்பித்த நமக்கு லத்தீனின் ஆறும் கிரேக்கத்தின் ஐந்தும் பயமுறுத்தாது. லத்தீன் உரைநடையில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வரும். அதுவும் நமக்குப் பழகிய நடைதான்.

எங்கே படிப்பது? கத்தோலிக்கக் குருமடங்களில் லத்தீன் தெரிந்த பாதிரியார்கள் இருப்பார்கள். புராட்டஸ்டன்ட் இறையியல் கல்லூரிகளில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கற்பிக்கிறார்கள். அது பொ.ஆ. (கி.பி.) முதல் நூற்றாண்டின் பொதுவழக்கு, பொ.ஆ.மு. (கி.மு.) ஐந்தாம் நூற்றாண்டின் ஏதென்ஸ் மொழியைவிடச் சற்று எளிது. அதில் தொடங்கி ஏதென்ஸ் மொழிக்கு ஏறலாம். நேரில் ஆள் கிடைக்காவிட்டால் இணைய வகுப்பு. ஆனால் எங்கே படித்தாலும் மதிப்பெண்ணோடு கூடிய ஒரு சான்று வாங்கிவிடுங்கள். நானே வீட்டில் படித்தேன் என்ற சொல்லை விண்ணப்பத்தில் எடைபோட முடியாது.

இதோடு முடியவில்லை. ஒலிம்பியாவை 1875 முதல் ஜெர்மானியர்கள் தோண்டுகிறார்கள். அறிக்கைகள் ஜெர்மன் மொழியில். டெல்ஃபியில் 1892இல் பிரெஞ்சுக்காரர்கள் பெரிய அகழாய்வைத் தொடங்கினார்கள், அவை பிரெஞ்சில். பொம்பெயியில் வேலை செய்ய இத்தாலியன் வேண்டும். ஜெர்மனும், பிரெஞ்சு அல்லது இத்தாலியனும் வாசிக்கத் தெரிந்தால் போதும், பேச வேண்டியதில்லை. சென்னையில் கோத்தே நிலையம் இருக்கிறது, சென்னையிலும் புதுச்சேரியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. கல்லூரிக் காலத்திலேயே ஒன்றை முடித்துவிடுங்கள். ஜெர்மனை முதலில் எடுங்கள் என்பது என் யோசனை. ஆய்வேடு எழுதும் நேரத்தில் முட்டுக்கட்டையாக நிற்பது பெரும்பாலும் அதுதான்.

இரண்டாம் படி: முதல் பட்டம்

நம் பல்கலைக்கழகங்களில் தொல்லியல் என்றால் இந்தியத் தொல்லியல். அது குறை இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பண்டைய வரலாறு, தொல்லியல் துறையிலோ, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ படித்தால் மண்ணடுக்கு, கல்வெட்டு, மட்கலம் எல்லாம் கைக்கு வரும். இலங்கையில் இன்னொரு வசதியும் உண்டு: பேராதனையிலும் களனியிலும் மேற்கத்திய செவ்வியல் பண்பாடு ஒரு பாடமாகவே இருக்கிறது. இலங்கை மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பட்டத்துக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு பாலம் தேவைப்படும். மொழி மட்டும் குறைவாக இருப்பவர்களுக்கு அமெரிக்காவில் ஓராண்டு, ஈராண்டு இடைநிலைப் படிப்புகள் இருக்கின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடப்பது நன்கு தெரிந்த ஒன்று. முழுக்க முழுக்கக் கிரேக்கமும் லத்தீனும்தான். இதற்கு உதவித்தொகை கிடைப்பது கஷ்டம். பிரிட்டனில் ஓராண்டு முதுகலை இன்னொரு வழி. இந்திய மாணவர்களுக்கான பெலிக்ஸ் உதவித்தொகை ஆக்ஸ்ஃபோர்டு, ரீடிங், லண்டனின் சோவாஸ் ஆகிய பல்கலைக்கழகங்களுக்குக் கிடைக்கிறது. முதல் இரண்டிலும் இந்தப் பாடம் இருக்கிறது. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. டாட் என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் உதவித்தொகையும் உண்டு. ஜெர்மனை முதலில் எடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாம் படி: மண்ணில் இறங்குவது

முதல் அகழாய்வு ஐரோப்பாவில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் துறையோ மாநிலத் தொல்லியல் துறையோ தோண்டும் இடத்தில் ஒரு பருவம் இருந்துவிட்டு வாருங்கள். குழியின் சுவரைச் செங்குத்தாகச் சீவுவது, மண் நிறம் மாறும் இடத்தில் கையை நிறுத்துவது, ஒவ்வொரு பைக்கும் உடனுக்குடன் சீட்டு எழுதுவது: இவை நம் கொடுமணலிலும் கிரேக்க நாட்டின் கொரிந்திலும் ஒன்றுதான். கருவிகளும் கிட்டத்தட்ட அதேதான். கரணை, தூரிகை, மண் நிறத்தை ஒப்பிடும் மன்செல் அட்டை, அளவு எடுக்க டோட்டல் ஸ்டேஷன். அடுக்குகளின் முன்பின் உறவை வரைபடமாக்க எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் வகுத்த முறையை இங்கேயே கற்றுக்கொண்டு போங்கள்.

அப்புறம் மத்தியதரைக் கடலுக்கு. அங்கே கோடையில் நான்கு முதல் ஆறு வாரம் நடக்கும் பயிற்சி அகழாய்வுகள் ஏராளம். அமெரிக்கத் தொல்லியல் நிறுவனம் அவற்றின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் உண்டு, அது நம் குடும்பங்களுக்குப் பெரிய தொகை. ஆகவே தொண்டர்களைச் சேர்க்கும் அகழாய்வுகளையும், உதவித்தொகை அறிவிப்புகளையும் முதலில் தேடுங்கள். ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலான அகோராவை 1931 முதல் அங்குள்ள அமெரிக்கப் பள்ளி என்ற ஆய்வு நிறுவனம் தோண்டிவருகிறது. அங்கே கோடைதோறும் மாணவத் தொண்டர்கள் வேலை செய்கிறார்கள். விசாவுக்கு அழைப்புக் கடிதம், காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் வேண்டும். மார்ச் மாதம் யோசித்து ஜூனில் போவது நடக்காது. முந்தைய அக்டோபரிலேயே தொடங்குங்கள்.

விடியற்காலையில் வேலை தொடங்கும், வெயில் ஏறும்போது நிற்கும். பலர் அத்தோடு ஓய்வெடுக்கப் போய்விடுவார்கள். நீங்கள் போகாதீர்கள். பிற்பகலில்தான் ஓடுகளைக் கழுவுவார்கள், பிரிப்பார்கள், மேசையில் பரப்பி வைத்து மட்கல வல்லுநர் ஒவ்வொன்றாக எடுத்துக் காலம் சொல்வார். அந்த மேசைப் பக்கத்தில் நின்று குறிப்பு எடுப்பவர்தான் அடுத்த ஆண்டும் அழைக்கப்படுகிறார். இந்த வேலையில் பெண்கள் தயங்க வேண்டிய காலம் எப்போதோ போய்விட்டது. ஏதென்ஸில் பெண்களைத் தோண்ட விடத் தயங்கிய காலத்திலேயே ஹாரியட் பாய்ட் கிரீட் தீவுக்குப் போய், 1901 முதல் 1904 வரை கூர்னியா என்ற வெண்கலக் கால ஊரைத் தம் தலைமையில் தோண்டினார்.

நான்காம் படி: ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள்

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பகுதி இது.

தோண்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். விளக்கு தெரிந்தவர், நாணயம் தெரிந்தவர், கண்ணாடி தெரிந்தவர், ஆம்போரா தெரிந்தவர் குறைவு. எந்த அகழாய்விலும் இயக்குநர் தேடுவது அவர்களைத்தான். விர்ஜினியா கிரேஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி ஆம்போரா சாடிக் கைப்பிடிகளில் குத்திய முத்திரைகளையே தம் வாழ்நாள் வேலையாக ஏதென்ஸில் செய்தார். ரோட்ஸ் தீவின் சாடி முத்திரையில் அந்த ஆண்டின் அதிகாரி பெயர் இருக்கும். பெயர்களை வரிசைப்படுத்தினால் சாடியின் ஆண்டு கிடைக்கும். சாடியின் ஆண்டு கிடைத்தால் அது கிடந்த மண்ணடுக்கின் காலம் கிடைக்கும். கைப்பிடித் துண்டிலிருந்து காலக்கணக்கு வந்துவிடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் 1925 முதல் 1956 வரை பேராசிரியராக இருந்த ஜான் பீஸ்லி, ஏதென்ஸ் பானை ஓவியங்களில் காதும் கணுக்காலும் வரைந்த விதத்தைக் கூர்ந்து பார்த்து, பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான ஓவியர்களைப் பிரித்துக் காட்டினார். அவர் முறையை இன்று பலர் விமர்சிக்கிறார்கள், ஆனால் அவர் பட்டியலைத் தொடாமல் யாரும் அந்தப் பானைகளைப் பற்றி எழுதுவதில்லை.

நம்மூர்ப் பக்கத்திலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. அரிக்கமேட்டில் உட்புறம் சிறு புள்ளி வரிகள் சுற்றி ஓடும் தட்டுகள் கிடைத்தன. ரௌலட்டட் மட்கலம் என்று நம் தொல்லியலார் சொல்வது அதைத்தான். அதை மத்தியதரைக் கடலிலிருந்து வந்த சரக்கு என்று வீலர் எண்ணினார். விமலா பெக்லி அந்த ஓடுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார். 1983இல் அமெரிக்கத் தொல்லியல் இதழில் அவர் எழுதிய கட்டுரை அரிக்கமேட்டின் காலக்கணக்கையே மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது. அந்த மட்கலம் இந்தியாவிலேயே செய்யப்பட்டது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட முடிவு. 1989 முதல் 1992 வரை அவரே சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அங்கே மீண்டும் தோண்டினார். ஆனால் அதற்கு முன்பே, புதுக் குழி எதுவும் வெட்டாமல், பழைய ஓடுகளைக் கூர்ந்து பார்த்தே வீலரைத் திருத்த முடிந்தது.

தமிழ் தெரிந்தவருக்கு இன்னொரு வாசலும் உண்டு. எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே, குசைர் அல்-கதீம் என்ற இரண்டு ரோமானியத் துறைமுகங்கள். இரண்டிலும் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. கணன், சாதன் என்ற ஆள்பெயர்கள் குசைரில்; கொற்றபூமான் பெரெனிகேயில். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். பெரெனிகேயில் ஒரு கோயிலில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகும் கிடைத்தது. வியன்னாவில் இருக்கும் பாப்பிரஸ் என்ற பழைய எகிப்திய நாணல் தாள் ஒன்று முசிறி வணிகக் கடன் ஒப்பந்தம் பற்றிக் கிரேக்க மொழியில் பேசுகிறது. கிரேக்கமும் தமிழ் பிராமியும் மட்கலமும் மூன்றும் ஒருவர் கையில் சேர்ந்தால் அது அபூர்வம். ஆனால் ஓர் எச்சரிக்கை: தமிழ்த் தொடர்பு மட்டும் போதும் என்று நினைத்துக் கிரேக்கக் கோயிலையும் ரோமானிய வீட்டையும் படிக்காமல் விட்டால், வேலைக்கான நேர்காணலில் முதல் கேள்வியிலேயே தடுமாறுவீர்கள். பாடம் எடுக்க வேண்டியது அவற்றைத்தான்.

ஐந்தாம் படி: முனைவர் பட்டம்

அமெரிக்காவில் ஐந்து முதல் ஏழு ஆண்டு. நல்ல இடங்களில் கல்விக் கட்டணமும் இல்லை, மாத உதவித்தொகையும் உண்டு. சொந்தப் பணம் கட்டி இந்தப் பட்டம் படிக்காதீர்கள். உதவித்தொகை இல்லாத அழைப்பு வந்தால் மறுத்துவிட்டு அடுத்த ஆண்டு முயலுங்கள். சின்சினாட்டி, மிச்சிகன், பென்சில்வேனியா, பிரவுன் ஆகியவை இதற்குப் பேர்போனவை. பிரிட்டனில் மூன்று, நான்கு ஆண்டு. பாடத் தேர்வு கிடையாது, நேராக ஆய்வேடு. ஆகவே அங்கே போகும்போதே மொழிகள் தயாராக இருக்க வேண்டும்.

விண்ணப்பம் டிசம்பர், ஜனவரியில் முடியும். மூன்று பரிந்துரைக் கடிதம், ஒரு நோக்க உரை, இருபது பக்க அளவில் நீங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரை. இந்தக் கட்டுரைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. சின்ன விஷயத்தை எடுத்து முழுசாகச் சொல்லுங்கள். செப்டம்பரிலேயே நெறியாளராக வரக்கூடியவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். அதில் நான்கே செய்தி இருந்தால் போதும்: என்ன படித்தீர்கள், எந்த மொழி எவ்வளவு, எங்கே தோண்டினீர்கள், அவருடைய எந்த ஆய்வு உங்கள் கேள்விக்கு அருகில் வருகிறது. புதிய மாணவர்களை எடுக்கிறாரா என்று கடைசியில் கேளுங்கள்.

அமெரிக்கப் படிப்பில் முதல் இரண்டு, மூன்று ஆண்டு வகுப்புகள், அப்புறம் மொழித் தேர்வுகள், பொதுத் தேர்வு. அதற்குப் பிறகு பலர் ஒரு கல்வியாண்டு ஏதென்ஸுக்குப் போவார்கள். 1881இல் தொடங்கிய அமெரிக்கப் பள்ளியில் செப்டம்பர் முதல் மே வரை ஒரு திட்டம் நடக்கிறது. இலையுதிர் பருவம் முழுக்கக் கிரேக்க நாட்டைச் சுற்றி, ஒவ்வொரு இடிபாட்டின் முன்னும் ஒரு மாணவர் நின்று விளக்கம் சொல்ல வேண்டும். வாழ்நாள் நட்புகளும், பின்னாளில் வேலைக்குப் பரிந்துரைப்பவர்களும் அங்கேதான் கிடைக்கிறார்கள். ரோம் பக்கம் என்றால் 1894இல் தொடங்கிய அமெரிக்கக் கழகமும் 1901இல் தொடங்கிய பிரிட்டிஷ் பள்ளியும்.

தலைப்பு எடுக்கும்போது அனுமதியை நினையுங்கள். கிரேக்க நாட்டில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தன் இஷ்டத்துக்குத் தோண்ட முடியாது. ஏதென்ஸில் உள்ள தன் நாட்டுப் பள்ளி வழியாகப் பண்பாட்டு அமைச்சகத்தின் அனுமதி பெற வேண்டும். தோண்டி எடுத்தவருக்கே அந்தப் பொருளை முதலில் வெளியிடும் உரிமை. ஆகவே யார் தமது கிடங்கிலிருந்து ஒரு தொகுதி ஓட்டையோ விளக்கையோ உங்களுக்குத் தருவார் என்பது தெரியாமல் தலைப்பை முடிவு செய்யாதீர்கள். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பி இரண்டு ஆண்டு ஓட்டிவிட்டுத் தலைப்பை மாற்றுவது பெரிய வலி.

பட்டத்துக்குப் பிறகு

இங்கேதான் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நிரந்தர வேலைக்கு ஒரு விளம்பரம் வந்தால் தகுதியானவர்கள் ஏராளமாக விண்ணப்பிக்கிறார்கள். முதல் முயற்சியிலேயே கிடைப்பது அரிது. ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்த ஆசிரியர் வேலை, ஆராய்ச்சி உதவித்தொகை என்று சில ஆண்டுகள் ஊர் ஊராக மாற வேண்டியிருக்கும். குடும்பத்தில் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அமெரிக்காவில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தால் ஏறத்தாழ ஆறாம் ஆண்டில் நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். அதற்குள் ஆய்வேட்டை நூலாக்கியிருக்க வேண்டும். ஜெர்மனியில் ஆய்வேடு அச்சில் வந்தால்தான் முனைவர் என்று பெயருக்கு முன் போடவே முடியும். அங்கே ஒப்பந்த வேலைக்கு ஆண்டு வரம்பும் சட்டத்திலேயே இருக்கிறது, பட்டத்துக்கு முன் ஆறு, பின் ஆறு. புதிதாகப் பட்டம் பெற்றவர்களில் சிலரைத் தேர்ந்து ஓராண்டு மத்தியதரைக் கடலைச் சுற்றி வர ஜெர்மன் தொல்லியல் நிறுவனம் பணம் தருகிறது. இந்தத் துறையில் யாருக்கும் கிடைக்கக்கூடிய அருமையான பரிசு அது.

வேலை விளம்பரங்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். சிறிய கல்லூரிகள் ரோமானியத் தொல்லியலார் வேண்டும் என்று கேட்டுவிட்டு, தொடக்க நிலை லத்தீனும் நடத்த வேண்டும் என்று சேர்த்திருப்பார்கள். முதல் படியில் மொழியை அவ்வளவு வற்புறுத்தியது இதற்காகவும்தான்.

பக்கவாட்டு வழிகளைத் தோல்வியாக நினைக்காதீர்கள். பிரிட்டனில் 1990க்குப் பிறகு கட்டடம் கட்டும் நிறுவனமே அகழாய்வுச் செலவை ஏற்க வேண்டிய நடைமுறை வந்தது. அதனால் லண்டனில் மட்டுமே எத்தனையோ தொல்லியலார் வேலை செய்கிறார்கள். ப்ளூம்பெர்க் நிறுவனக் கட்டடத்துக்காகத் தோண்டிய இடத்தில் ரோமானியர் எழுதப் பயன்படுத்திய 405 மரப் பலகைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று பொ.ஆ. 57 ஜனவரி 8 என்று தேதியிட்ட கடன் சீட்டு. பேராசிரியர்கள் பொறாமைப்படும் கண்டுபிடிப்பு அது.

இன்னொன்று, கண்டிப்பாக. கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த ரோமானிய நாணயம் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள், ஆசைக்குக்கூட. எந்த மண்ணில், எதோடு சேர்ந்து கிடைத்தது என்று தெரியாத பொருள் பாதி ஊமை. 1970இன் யுனெஸ்கோ ஒப்பந்தத்துக்குப் பிறகு, முறையான பிறப்பிடம் இல்லாத பொருள்களை முக்கிய இதழ்கள் முதன்முதலாக வெளியிடத் தயங்குகின்றன. வாங்கிச் சேர்க்கும் பழக்கம் உள்ளவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் கழுவுவது கடினம்.

சரி, எங்கே தொடங்குவது என்று கேட்டால்: கிரேக்க எழுத்துகள் 24. ஒரு வாரத்தில் எழுதப் பழகிவிடலாம். அடுத்த விடுமுறையில் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போய் அரிக்கமேட்டுப் பொருள்களை நிதானமாகப் பாருங்கள். பென்சிலும் கட்டம் போட்ட தாளும் கொண்டுபோங்கள். அனுமதி கேட்டு, ஒரு விளிம்பு ஓட்டை வரைந்து பாருங்கள்: நடுவே ஒரு கோடு, ஒரு பக்கம் வெட்டுமுகம், மறு பக்கம் வெளிப்புறம். முதல் படம் கோணலாகத்தான் வரும். பத்தாவதில் விளிம்பின் வளைவு கைக்குப் பிடிபட ஆரம்பிக்கும். அந்தத் தாள்களில் தேதி போட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்; முதல் அகழாய்வுக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட அவை உதவும்.